ஓலையில் இழைத்த கந்தோர்ப் பை

மடிக்கணினி கொண்டுபோகும் பைகளில் என் மனம் நிற்பது யாழ்ப்பாணத்துப் பனையோலைப் பையில்தான். விரியாத குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து இழைக்கிறார்கள். நிறம் வேண்டிய ஓலையைச் சாயத்தில் அவிப்பார்கள். காய்ந்த ஓலைக்கு விறைப்பு உண்டு. பை தொய்யாமல் நிமிர்ந்து நிற்கும். 1978இல் உருவான பனை அபிவிருத்திச் சபை இந்தக் கைப்பணியை வளர்த்துவருகிறது.

தோல் பைக்குக் கம்பீரம் உண்டு, பாரமும் உண்டு. மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து யாழ்தேவி ரயிலில் கொழும்புக்குப் போகிறவருக்கு நைலோன் பைதான் சரி. நனைந்தாலும் கெடாது, தோளில் மாட்டலாம்.

உள்ளூர்க் கூட்டங்களுக்கு ஓலைப் பையை எடுங்கள். வாங்கும்போது மூலைகளைத் தடவிப் பாருங்கள்: ஓலை மடிந்து திரும்பும் இடம்தான் முதலில் வெடிக்கும். அங்கே துணிக்கரை வைத்துத் தைத்திருந்தால் நல்லது. உள்ளே ஸ்பொஞ்ச் இல்லாத பையில் கணினியை வைக்கவே வேண்டாம். கைப்பிடி பையின் அடிவரை ஓடும் பட்டியாக இருக்கவேண்டும். வாயில் மட்டும் தைத்த பிடி கணினியின் பாரத்தில் இழையைப் பிய்த்துவிடலாம்.