சற்குருவும் சிலுவையும்: மதுரை மிஷனில் மீட்பரின் மேன்மை

கிறிஸ்தவ விசுவாசத்தின் நடுநாயகர் மீட்பர். பாவத்தினின்றும் சாவினின்றும் மனிதரை விடுவிப்பவர் என்னும் பொருளில் பழைய நூல்கள் இரட்சகர் என்றும், இன்றைய வழிபாட்டுத் தமிழ் மீட்பர் என்றும் அழைக்கும் இயேசு கிறிஸ்துவின் மேன்மையைத் தமிழர் தம் மரபின் வழியாகவே உணரும்படி எடுத்துரைக்கும் முயற்சி, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயேசு சபையின் மதுரை மிஷனில் ஒரு திட்டமிட்ட முறையாக உருப்பெற்றது. நற்செய்தியை அது சென்றடையும் மக்களின் மொழி, உடை, உணவு, நடை ஆகியவற்றுக்குள் வைத்து வழங்கும் இம்முறையை இறையியலார் பண்பாட்டுமயமாக்கம் என்பர். அம்முறை மீட்பரின் மேன்மையை எங்கே துலக்கியது, எங்கே மறைத்தது என்பதை எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தாலியரான இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தபோது, அங்கு ஏற்கெனவே பணியாற்றிவந்த போர்த்துக்கீசியத் துறவி கொன்சாலோ பெர்னாண்டஸ், முத்துக்குளித்துறையிலிருந்து வந்த பரதவக் கிறிஸ்தவர்களுக்கு ஆன்மிக வழிகாட்டியாக இருந்தாரே தவிர, நகரத்து மக்களிடையே புதிதாக எவரையும் சேர்க்க அவரால் இயலவில்லை. போர்த்துக்கீசியரைப் பரங்கியர் என்றும், அவர்களது சமயத்தைப் பரங்கி மார்க்கம் என்றும் மக்கள் ஒதுக்கிவைத்ததே இதற்குக் காரணம் என்று நொபிலி கண்டறிந்தார். புலாலும் மதுவும் கொள்வோரின் தெய்வமாக மீட்பர் அறியப்பட்டிருந்த இடத்தில் அவருடைய போதனைக்குச் செவிசாய்ப்பார் இல்லை. எனவே நொபிலி காவியுடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்று, தத்துவ போதகர் என்னும் பெயரோடு துறவியாக வாழத் தொடங்கினார்.

இம்முறையின் முதற்சிறப்பு, மீட்பரைச் சற்குருவாக அது காட்டியதாகும். குரு என்பவர் நெறியைச் சொல்பவர் மட்டுமல்லர், அந்நெறியைத் தம் உடலாலும் வாழ்வாலும் நடந்துகாட்டுபவர் என்பது தமிழ்ச் சமய மரபு முழுவதும் ஊறிய கருத்து. சருவேசுரனாகிய இறைவன், அறியாமையில் உழலும் மனிதருக்குப் பொறுமையையும் தாழ்மையையும் வறுமையையும் கண்ணால் கண்டு கற்கத்தக்க பாடங்களாக்கும் பொருட்டே மனிதவுரு எடுத்தான் என்று நொபிலி விளக்கியபோது, சிலுவைப்பாடு ஓர் அவமானச் சாவு என்னும் நிலையிலிருந்து குருவின் உச்சப் போதனை என்னும் நிலைக்கு உயர்ந்தது. இறைவன் சாவானா என்று வினவும் சைவ, வைணவ அறிஞருக்கு முன் இது வலிமையான விடை.

இரண்டாவது சிறப்பு, நம்பிக்கையை வாதத்தின் அரங்குக்குக் கொண்டுவந்தது. ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம் முதலிய அவருடைய நூல்கள், ஆன்மாவின் இயல்பையும் மறுபிறப்புக் கொள்கையையும் தருக்க முறையில் ஆராய்ந்தன. செய்யுளே மேலோங்கியிருந்த காலத்தில் தத்துவ விவாதத்தைத் தமிழ் உரைநடையில் நடத்திய இப்பணி, தமிழ் உரைநடை வரலாற்றிலும் தனியிடம் பெறுகிறது.

ஆயினும் இதே முறையின் குறை சிறியதன்று. தாம் பரங்கியர் அல்லர், ரோமாபுரியின் உயர்குடியில் பிறந்த துறவி என்று ஓலையில் எழுதித் தம் வாசலில் நொபிலி பதித்துவைத்தார். பெர்னாண்டசின் ஆலயத்திலிருந்து விலகித் தனி இல்லமும் தனி ஆலயமும் அமைத்தார். குருவின் மதிப்பு சாதித் தூய்மையைச் சார்ந்து நின்றதால், தாழ்த்தப்பட்ட மக்களோடு பழக அவரால் வெளிப்படையாக இயலவில்லை. அவர்களிடையே பணியாற்றப் பண்டாரசுவாமிகள் என்னும் மற்றொரு வகைத் துறவியர் பின்னர் ஏற்படுத்தப்பட்டனர். தெய்வநிலையிலிருந்து அடிமையின் நிலைக்கு இறங்கியவர் மீட்பர் என்பது பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் சாரம். அந்த இறக்கத்தை நூலில் போதித்த மிஷன், வீதியில் அதைக் கடைப்பிடிக்கத் தயங்கியது.

இம்முரண்பாடு அக்காலத்தவர் கண்ணிலும் படாமல் போகவில்லை. பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைச் சில நிபந்தனைகளோடு அனுமதித்துத் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623இல் வெளியிட்ட ஆணை, குலப்பெருமை பாராட்டுவோர் ஆலயத்திலும் அருட்சாதனங்களிலும் எளியோரை இகழலாகாது என்றும் மன்றாடியது. முதற்பகுதி சலுகையாகப் பயன்பட்டது. பிற்பகுதி பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட், நோயுற்ற பறையர் இல்லங்களுக்குள் குருக்கள் செல்லவேண்டும் என்று வலியுறுத்த நேர்ந்ததே, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் சிக்கல் தீரவில்லை என்பதற்குச் சான்று.

இருப்பினும் மதுரை மிஷனை இக்குறையால் மட்டும் அளப்பது நேர்மையாகாது. பண்டாரசுவாமியாக மறவர் சீமையில் உழைத்து, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டுண்ட அருளானந்தர் என்னும் ஜான் தெ பிரிட்டோ, குருவின் மேன்மை உயிரைக் கொடுப்பதில் நிறைவுறுகிறது என்பதை மெய்ப்பித்தார். அவருடைய குருதி படிந்ததாக நம்பப்படும் செம்மண்ணைச் சமய வேறுபாடின்றி மக்கள் இன்றும் ஓரியூரிலிருந்து எடுத்துச் செல்கின்றனர்.

குறையைத் திருத்தும் முயற்சிகளும் மதுரையிலிருந்தே எழுந்தன. இயேசு சபையின் மிஷனிலிருந்து வேறான, 1834இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மதுரை மிஷன், சாதியைக் கைவிடாதோருக்குச் சபையில் இடமில்லை என்று 1847இல் முடிவெடுத்து, சாதி பாராமல் உடனிருந்து உண்பதை அதற்கு அடையாளமாகக் கேட்டது. நோக்கம் உயர்ந்ததே, ஆனால் அது மேலிருந்து வந்த கட்டளையாக அமைந்தமையால் உபதேசிமார் பலர் விலகினர். அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005) கீழிருந்து தொடங்கினார். பரட்டை என்னும் புனைபெயரில் எழுதிய அவர், நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்து, ஒரே உலையில் சமைத்து எல்லாரும் பகிர்ந்துண்ணும் வாழ்வை நற்கருணையின் பொருளாக்கினார். நொபிலி உயர்குடியின் பண்பாட்டைத் தேர்ந்தார். அப்பாவு உழைக்கும் மக்களின் பண்பாட்டைத் தேர்ந்தார். இருவரும் செய்தது பண்பாட்டுமயமாக்கமே என்பதால், எந்தப் பண்பாடு, யாருடைய பண்பாடு என்னும் வினாவே இம்முறையின் தகுதியைத் தீர்மானிக்கிறது.

மீட்பரைத் தமிழ்ச் சிந்தனைக்கு உரியவராக்கிய கடன் மதுரை மிஷனுக்கு என்றும் உண்டு. அக்கடனை மதிப்பவர்கள் அதன் பிழையைத் தொடரலாகாது. கல்லறைத் தோட்டத்தைக்கூடச் சாதிவாரியாகப் பிரித்துவைத்திருக்கும் ஊர்கள் தமிழகத்தில் இன்னும் உள்ளன. சீடரின் பாதங்களைக் கழுவியவரின் மேன்மையைப் பாடும் சபை, அப்பிரிவினையைத் தானே அகற்ற முன்வர வேண்டும்; அதுவரை அதன் துதி முழுமை பெறாது.