ஐம்பது நகர்வின் அளவு

எந்தக் காயும் வெட்டுப்படாமல், எந்தச் சிப்பாயும் நகராமல் இருவரும் ஐம்பது ஐம்பது நகர்வுகள் ஆடிவிட்டால் சதுரங்கத்தில் சமநிலை கோரலாம். இந்த விதியின் அருமையை எனக்குக் காட்டுபவை, இதற்குப் பகை என்று கருதப்படும் கணினி அட்டவணைகளே. மேட் நிலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, சில காய்களே மிஞ்சிய ஒவ்வொரு நிலையின் முடிவையும் அவை சொல்லிவிடும். இரண்டு பிஷப்புகளுக்கு எதிராக ஒரு குதிரை தாக்குப்பிடிக்கும் என்று 1851இல் சதுரங்க ஆய்வாளர்கள் கிளிங்கும் ஹோர்விட்சும் காட்டிய அரணைக் கணினி அறிஞர் கென் தாம்சனின் கணினி 1980களில் உடைத்தது. அந்த வகை வெற்றிக்கு 66 நகர்வுகள் வரை வேண்டியிருந்தன. உலகச் சதுரங்கச் சம்மேளனம் இத்தகைய சில முடிவாட்டங்களுக்கு வரம்பைக் கூட்டிப் பார்த்தது. 1992இல் ஐம்பதுக்கே திரும்பியது. சரியான முடிவு.

இருக்கிற வெற்றியைப் பறிப்பது அநியாயமில்லையா என்று கேட்கலாம். ஏழு காய்கள் உள்ள ஒரு நிலையில் மேட் 549 நகர்வு தள்ளி இருக்கிறது. அதை மேசையில் கண்டுபிடித்து ஆட மனிதரால் ஆகாது, எதிராளியைக் களைக்கவைக்கத்தான் முடியும். கற்றுத் தேறக்கூடிய வித்தைக்கோ ஐம்பது தாராளம்: பிஷப்பும் குதிரையும் சேர்ந்து தனி ராஜாவை மடக்க அதிகபட்சம் 33 நகர்வுகள் போதும். 2013இல் ரொனால்ட் டி மான் வெளியிட்ட சிசிஜி அட்டவணை இந்த விதியையே கணக்கில் சேர்த்துக்கொண்டது. அடுத்த வெட்டுக்கோ சிப்பாய் நகர்வுக்கோ எவ்வளவு தூரம் என்று அது அளக்கிறது. விதி தடுத்துவிடும் வெற்றியைச் சபிக்கப்பட்ட வெற்றி என்று தனியே குறிக்கிறது.