புடாபெஸ்ட் நகரும் நம் செவியும்

சென்னை மியூசிக் அகாடமி அரங்கில் 2005-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், இசைஞானி இளையராஜா அவர்களின் ‘திருவாசகம்’ இசைப்பேழை வெளியிடப்பெற்றது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பல இல்லங்களில் புடாபெஸ்ட் என்னும் ஊர்ப்பெயர் புழங்கத் தொடங்கியது அதன் பின்னர்தான் எனலாம். ஹங்கேரித் தலைநகரின் சிம்பொனிக் குழுவினர், லாஸ்லோ கோவாச் என்பார் நெறிப்படுத்த, மாணிக்கவாசகரின் தமிழுக்குத் துணையாக வயலினும் செல்லோவும் எடுத்தனர். பாடல்கள் ஆறு.

மத்ரஸாவில் ஓதியவருக்கு இவ்விசையை எடைபோட என்ன தகுதி என்று நேயர்கள் சிலர் வினவக்கூடும். இசையிலக்கணம் நாம் கற்றோமல்லோம். ஆயினும் கிராஅத் கற்றிருக்கிறோம். எழுத்து அதன் பிறப்பிடம் பிறழாமல் ஒலிக்க வேண்டும். நீள வேண்டிய இடத்தில் நீண்டு, நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும். ஓசை சொல்லுக்கு ஏவலாளாக அமைய வேண்டும். இப்பயிற்சி செவியில் ஏறிவிட்டால் பின்னர் எதைக் கேட்டாலும் சொல் எங்கே என்றுதான் செவி தேடும். இறைவேதத்துக்குரிய விதியைப் பிறிதொன்றன்மீது நாம் ஏற்றவில்லை. நம் செவியின் பழக்கத்தைச் சொல்கிறோம், அவ்வளவே.

அச்செவிகொண்டு கேட்டபோது, தந்திக் கருவிகள் பாடுவோரின் குரலுக்குக் கீழே தணிந்து நிற்கும் இடங்கள் நம்மை நெகிழ வைத்தன. அங்கே தமிழ் முன்னே நடக்கிறது; வயலின் அதன் நிழலாகப் பின்தொடர்கிறது. குழுவினரின் குரல்கள் மலையென எழும் இடங்களிலோ ஓசையின் பெருமிதம் மிகுந்து சொல் மறைந்துவிடுகிறது. ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாலன்றி எந்த அடி பாடப்படுகிறது என்று அறிதல் அரிது. ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகள் இடையிடையே வரும் நெடும்பகுதியில் பொருள் அயலாருக்கும் எட்டுகிறது. உருக்கமோ நமக்கு அறுந்து அறுந்து வருகிறது. இதனைச் சிம்பொனி என்பதா, ஆரட்டோரியோ என்பதா என்று அந்நாளில் எழுந்த பெயர்ச் சண்டையில் நமக்கு நாட்டமில்லை.

நம் குறை இசையமைத்தவர்மீதன்று, கேட்டவர்களாகிய நம்மீதே. ஹங்கேரியர் எவ்வளவு அருமையாக வாசித்துவிட்டார்கள் என்று வியந்தோம். அவர்களுக்குச் சொந்தமான பாட்டு எது என்று ஒருவரேனும் கேட்டோமா? 1999-இல் வெளிவந்த ‘ஹம் தில் தே சுகே சனம்’ என்னும் இந்திப் படத்தில் புடாபெஸ்டின் தெருக்களையும் பாலத்தையும் இத்தாலி என்று காட்டினார்கள். நாமும் அப்படியே நம்பினோம். பிறர் ஊரை ஒரு திரைச்சீலையாகவும், பிறர் விரல்களை வாடகைக் கருவியாகவும் கொள்வது நமக்கு வழக்கமாகிவிட்டது.

அண்மையில் நம் பழைய மாணவர் ஒருவர் புடாபெஸ்ட் சென்று திரும்பி, நம் இல்லத்துக்கு வந்திருந்தார். தொலைபேசியில் படங்களைக் காட்டினார். தன்யூப் ஆற்றங்கரையில் நாடாளுமன்றம், 1849-இல் திறக்கப்பட்ட சங்கிலிப் பாலம், ருடாஸ் வெந்நீர்க் குளம்.

“இரண்டு நாளில் பார்த்து முடித்துவிடலாம், ஹஜ்ரத்” என்றார்.

அவர் குளித்த அக்குளத்தின் குவிமாடம் உதுமானியத் துருக்கியர் 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பியது என்பது அவருக்குத் தெரியவில்லை. ரோஜாக் குன்றின்மேல் குல் பாபா என்னும் தர்வேஷ் அடங்கியிருக்கிறார். புடா நகரம் சுல்தான் சுலைமானின் ஆட்சிக்குள் வந்த 1541-ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார். அவருடைய தர்கா புதுப்பிக்கப்பட்டு 2018-இல் திறக்கப்பட்டது. “அங்கே போகாமல் வந்துவிட்டாயே, தம்பி!” என்று கடிந்துகொண்டோம்.

ஆனால் அதைவிடப் பெரிதாக அவர் தவறவிட்டது ஒன்றுண்டு. அந்நகரப் பூங்காவில் 2022-இல் புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்த இனவியல் அருங்காட்சியகத்தில் மெழுகு உருளைகள் பாதுகாக்கப்படுகின்றன. எடிசன் காலத்து ஒலிப்பதிவுப் பொறியைத் தூக்கிக்கொண்டு சிற்றூர் சிற்றூராக அலைந்து, குடியானவர்களின் பாடல்களைப் பதிந்த உருளைகள் அவை. அப்படி அலைந்தவர்களுள் தலையாய இருவர் பேலா பார்தோக், ஸோல்தான் கோதாய். 1906-இல் இருவரும் சேர்ந்து ஒரு பாடல் தொகுதி வெளியிட்டனர். நகரத்து உணவகங்களில் வாசிக்கப்பட்டதையே நாட்டின் இசை என்று கருதியிருந்தவர்களுக்கு, அதனினும் பழைய பாட்டு வயற்காட்டில் உயிரோடிருப்பதைக் காட்டினர். கோதாயின் முயற்சியால் அப்பாடல்கள் பள்ளிப் பிள்ளைகளின் பாடமாயின. 1972-இல் புடாபெஸ்ட் இளைஞர்கள் ‘தான்ஸ்ஹாஸ்’ என்னும் நடனக் கூடங்களைத் தொடங்கிச் சிற்றூர் ஆடல்களை நகருக்குள் கொணர்ந்தனர். அயலார் எவரும் உள்ளே நுழைந்து கைகோத்து ஆடலாம்.

அரபி ஓதியவர் என்ற முறையில் பார்தோக்கிடம் நமக்குத் தனிப் பற்று உண்டு. 1913-இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ரா வட்டாரத்துக்குச் சென்று அரபுச் சிற்றூர்ப் பாடல்களைப் பதிந்தார். அவற்றின் நெருங்கிய சுரங்களும் முழவின் அடியும் பின்னாளில் அவருடைய இரண்டாம் நாற்கருவி இசைக்குள் புகுந்தன. 1932-இல் கெய்ரோ நகரில் கூடிய அரபு இசை மாநாட்டிலும் கலந்துகொண்டார். 1936-இல் துருக்கியின் அதானா வட்டாரத்து நாடோடிகளிடம் சென்றபோது, பழைய ஹங்கேரிய மெட்டுகளின் உறவை அங்கே கேட்டார். மொஹாச் போர்க்களத்தில் 1526-இல் துருக்கியரிடம் தோற்று, தலைநகரை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு இழந்திருந்த நாட்டின் மகன் அவர். அதே மொஹாசில் இன்றும் பிப்ரவரித் திருவிழாவில் கொம்பு வைத்த முகமூடியணிந்து ஆடுகிறார்கள். துருக்கியரை அஞ்சி ஓடச் செய்த வேடம் என்று அதற்கொரு கதையும் சொல்கிறார்கள். பகைவன் வீட்டில் தன் பாட்டின் உறவைக் கேட்டதும் அதை மறைக்காமல் எழுதி வைத்தாரே, அந்த நேர்மையை எண்ணி எண்ணி வியக்கிறோம்.

“நம்மிடம் பதிந்து வைக்க அப்படி என்ன இருக்கிறது, ஹஜ்ரத்?” என்றார் மாணவர்.

நாம் சிறுவராயிருந்தபோது, ரமலான் இரவுகளில் மயிலாப்பூரில் நம் தெரு வழியே ஒரு பக்கீர் பாவா தாயிரா கொட்டிப் பாடிக்கொண்டு வருவார். அவர் குரல் கேட்டுத்தான் ஸஹருக்கு அடுப்பு மூட்டுவார்கள். பாட்டு தமிழ், நடுவே ஓரிடத்தில் குரலை ஏற்றுவார் பாருங்கள், அந்தச் சுரம் ஆர்மோனியக் கட்டைகள் எதிலும் இராது. அவருக்குப்பின் அத்தெருவில் எவரும் பாடி வரவில்லை. பெயர்கூடத் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டோம்.

மாணவர் தொலைபேசியை நம்முன் வைத்தார். முதல் இரண்டு அடிகள் வந்தன. மூன்றாம் அடிக்குச் சொல் நினைவிருந்தது, மெட்டு நினைவில்லை. அடையாற்றிலிருக்கும் நம் மூத்த ராத்தாவை அழைத்துக் கேட்டோம். அவர் முதல் அடியிலிருந்தே வேறொரு மெட்டில் பாடினார். நாம் பாடியது பிழை என்றும் சொன்னார். இரண்டையும் மாணவர் பதிந்துகொண்டார்.