கேட்டறியும் காதல்

காதல் இல்லாத தமிழ்த் திரைப்படம் அரிது. பேய்க் கதையிலும் காவலர் கதையிலும்கூட ஒரு காதல் நுழைந்து, தன் பங்குக்கு இரண்டு பாடல்களைப் பெற்றுக்கொண்டு போய்விடுகிறது. இத்தனை காதலைக் கண்டு பழகிய நமக்குக் காதலைப் பற்றி உண்மையில் என்ன தெரிந்திருக்கிறது? அண்மையில் 1986-ஆம் ஆண்டின் 'மௌன ராகம்' தொடங்கி 2018-ஆம் ஆண்டின் '96' வரையுள்ள சில படங்களை வீட்டிலிருந்தபடியே அடுத்தடுத்துப் பார்த்தபோது இக்கேள்வி நம் மனத்தில் எழுந்தது. குடும்பத்தோடு அமர்ந்து படம் பார்ப்போர் என்னும் நிலையில் நமக்குத் தோன்றியவற்றை வாசக அன்பர்கள்முன் வைக்கிறோம்.

தமிழில் 'கேட்டல்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வினவுவதும் கேட்டல், செவிமடுப்பதும் கேட்டல். காதலை எடைபோட இந்த ஒரு சொல்லே நல்ல படிக்கல்லாகும் என்பது நம் கருத்து. விரும்புகிறவர், தாம் விரும்பியவரிடம் வினவினாரா? வினவியபின், வந்த விடையைச் செவிமடுத்தாரா? இந்த இரண்டும் இருக்கும் இடத்தில் காதல் இருக்கிறது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், இசையும் ஒளிப்பதிவும் எவ்வளவு அழகாக அமைந்தாலும், அங்கே வேறேதோ ஒன்று காதலின் பெயரால் உலவுகிறது.

இது புதிய அளவுகோல் அன்று. தொல்காப்பியர் அகத்தை ஏழு திணைகளாக வகுத்தபோது, இருவர் மனமும் ஒத்த அன்பை நடுவில் ஐந்திணையாக வைத்தார். ஒருதலைக் காதலைக் கைக்கிளை என ஒருபுறமும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என மறுபுறமும் நிறுத்தினார். விரும்பியவளைப் பெறுவதற்காகப் பனைமடலால் செய்த குதிரையில் ஏறி ஊரறியத் தெருவில் வரும் மடலேற்றத்தை அவர் சேர்த்தது பெருந்திணையில்தான். மடல் ஏறுவேன் எனச் சொல்வதோடு நின்றவனை ஐந்திணைக்குள் ஏற்ற மரபு, ஏறியேவிட்டவனை ஏற்கவில்லை. ஊரைக் கூட்டி ஒருத்தியின் மனத்தை நெருக்குவதற்கும் அவள் மனத்தை அறிவதற்கும் உள்ள வேறுபாட்டை நம் முன்னோர் அறிந்திருந்தனர். நம் கதாநாயகர்களுள் பலர் இன்னமும் மடற்குதிரையிலிருந்து இறங்கவில்லை.

மறுப்பைக் கேளாத காதல்

பாலா இயக்கிய முதல் படம் 'சேது' (1999). தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற படைப்பு அது. விக்ரம் என்னும் நடிகரைத் தமிழகம் முழுமையாக அறிந்துகொண்டதும் அதில்தான். மனநலம் குன்றியோர் அடைக்கப்பட்டுள்ள இடத்தைக் காட்டும் பிற்பகுதியை இன்று பார்த்தாலும் மனம் கலங்குகிறது. ஆயினும், அந்தத் துயரத்துக்கு அடிப்படையாக அமையும் காதல் எவ்வாறு உருவாகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். முரடனாகிய மாணவன், அச்சமே இயல்பான ஒரு பெண்ணைத் தூக்கிச் சென்று, ஆளரவமற்ற இடத்தில் வைத்துத் தன் காதலைச் சொல்கிறான், அழுகிறான், மிரட்டுகிறான். பிறகு அவள் அவனை விரும்பத் தொடங்குகிறாள். அங்கே வினவுதல் நிகழ்ந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். விடை சொல்லும் உரிமை அவளுக்கு இருந்ததா? தப்பிப்போக வழியில்லாத இடத்தில் பெறப்படும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு உண்டு?

படத்தின் கலைத்திறன் உயர்ந்தது என்பதாலேயே இக்குறை நம்மை அதிகமாக வருத்துகிறது. திறமற்ற ஒரு படம் இதனைச் செய்திருந்தால் மறந்திருப்போம். 'சேது' நம்மை அழவைக்கிறது. அழுத கண்ணீரோடு, தூக்கிச் சென்றதையும் மன்னிக்கவைத்துவிடுகிறது.

இதனை வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிட இயலாது. 1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி ஆடவர் சிலரின் சீண்டலால் உயிரிழந்ததை அடுத்து, தமிழக அரசு பெண்களைக் கேலி செய்வதற்கு எதிராகத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு அடுத்த ஆண்டில்தான் 'சேது' வெளிவந்தது. 2013-இல் ஒரு பெண்ணை விடாது பின்தொடர்வதே குற்றம் என இந்திய தண்டனைச் சட்டத்தில் 354-டி பிரிவு சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. 2016-இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், பலர் பார்த்திருக்க ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, திரைப்படங்கள் கற்பிக்கும் காதலைப் பற்றித் தமிழகம் சில வாரங்கள் விவாதித்தது; பிறகு ஓய்ந்தது. ஒரு கொலைக்கு ஒரு படத்தைப் பொறுப்பாக்குவது நேர்மையன்று. ஆனால், பெண்ணின் 'வேண்டாம்' என்னும் சொல்லை 'இன்னும் கொஞ்சம் முயன்று பார்' என்று பொருள்கொள்ள ஒரு தலைமுறைக்கே பயிற்சி கொடுத்திருக்கிறோம் என்பதை மறுக்க இயலுமா?

கேட்கத் துணியாத காதல்

இதற்கு நேர் எதிர்முனையில் நிற்கிறது பிரேம்குமாரின் '96'. தஞ்சாவூரில் ஒன்றாகப் படித்த ராமும் ஜானுவும், 22 ஆண்டுகளுக்குப் பின் பழைய மாணவர் கூடுகையில் சந்திக்கின்றனர். அவள் மணமாகிச் சிங்கப்பூரில் வாழ்பவள். அவன் மணம் செய்துகொள்ளாத ஒளிப்படக் கலைஞன். சென்னையில் ஓர் இரவு முழுவதும் பேசுகிறார்கள். விடிந்ததும் அவள் விமானம் ஏறுகிறாள். வரம்பு மீறாத இந்தக் காதலைக் கண்டு குடும்பங்கள் நெகிழ்ந்தன, நாமும் நெகிழ்ந்தோம்.

நெகிழ்ச்சி தணிந்தபின் எண்ணிப் பார்த்தால், இங்கே கேட்டல் வேறு வகையில் தவறியிருப்பது புலப்படும். ராம் அவளைத் தேடி அவளுடைய கல்லூரிக்கு வந்தவன்தான். வந்திருப்பவன் வேறு யாரோ என்று கருதி அவள் சொல்லியனுப்பிய மறுப்பை, தனக்கே சொன்னதாக எண்ணித் திரும்பிவிடுகிறான். அவளது திருமணத்தன்றும் அவன் வந்து தொலைவில் நிற்கிறான்; அவளோ அவன் வரமாட்டானா என்று ஏங்கியிருக்கிறாள். மறுப்பை மதித்துப் போனவன் என்ற வகையில் ராம் சேதுவைவிடப் பலபடி உயர்ந்தவன். எனினும், ஒருமுறை அவள் முகத்துக்கு நேராக நின்று கேட்டிருந்தால் இருவர் வாழ்வும் மாறியிருக்கும். சேது அவளுடைய 'இல்லை'யைக் கேட்கவில்லை. ராமோ அவளிடமிருந்த 'ஆம்' என்னும் விடையைச் சொல்ல அவளுக்கு வாய்ப்பளிக்கவில்லை. வணங்கி விலகி நிற்பதும் சிலவேளைகளில் பிறருடைய முடிவை நாமே எடுத்துவிடுவதாகும்.

படத்தை எழுதியவர் இதனை அறிந்தே எழுதியிருக்கிறார் என்று கருத இடமுண்டு. பள்ளி நாட்களில் ராம் எத்தனையோ முறை விரும்பிக் கேட்டும் ஜானு பாடாத ஒரு பாடல் உண்டு. அவனது வீட்டில் மின்சாரம் நின்றுபோன இருளில், யாரும் கேளாமலே அவள் அதனைப் பாடுகிறாள். கேட்டவன் காத்திருந்தான், கொடுப்பவள் தன் விருப்பத்தால், தன் வேளையில் கொடுத்தாள். படத்தின் சிறந்த காட்சி அதுவே என்போம்.

கேட்க மறுக்கும் வீடு

இதுவரை இருவரைப் பற்றியே பேசினோம். நம் நாட்டில் காதலுக்கு விடை சொல்வது காதலர் மட்டுமல்லர். வீடும் சாதியும் அவர்களை முந்திக்கொண்டு விடை சொல்லிவிடுகின்றன.

பாலாஜி சக்திவேலின் 'காதல்' (2004) மதுரையில் செல்வாக்குள்ள வீட்டுப் பெண்ணுக்கும், இருசக்கர வாகனங்களைப் பழுதுபார்க்கும் ஓர் இளைஞனுக்கும் இடையே மலரும் அன்பைச் சொல்வது. இதில் முதலில் விரும்புபவளும் தேடிச் செல்பவளும் பெண்ணே. இருவரும் சென்னைக்கு ஓடி மணம் செய்துகொள்கின்றனர். உறவினர் நயமாகப் பேசித் திருப்பி அழைத்து வந்து அவனை அடித்து நொறுக்குகின்றனர். அவனைக் காக்க வேண்டி அவள் வேறொருவனை மணக்கிறாள். மனம் பேதலித்துச் சாலையில் திரியும் அவனை ஆண்டுகள் கடந்து அவள் காண்கிறாள். அவளுடைய கணவனே அவனைப் பொறுப்பேற்றுக்கொள்கிறான். அந்தக் கணவன் சில நிமிடங்களே திரையில் வருகிறான். ஆனால், அவளுடைய துயரத்தை ஏனென்று கேட்டு, விடையைப் பொறுமையோடு ஏற்றவன் அவள் சுற்றத்தில் அவன் ஒருவனே.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) இன்னும் ஒருபடி ஆழமாகச் செல்கிறது. திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் படிக்கும் பரியனுக்கும் ஜோவுக்கும் இடையே இருப்பது காதல்தானா என்று அவர்கள் அறிவதற்கு முன்னரே, அவள் வீட்டார் அவனை அவமதிக்கின்றனர், கொல்லவும் துணிகின்றனர். கேள்வி பிறக்குமுன்பே கழுத்து நெரிக்கப்படுகிறது. இறுதிக் காட்சியில் பரியனும் ஜோவின் தந்தையும் எதிரெதிரே நின்று பேசுகின்றனர். அவர்கள் போனபின் இரண்டு தேநீர்க் குவளைகள் அருகருகே இருக்கின்றன. தந்தை மாறிவிட்டார் என்று படம் பொய் சொல்லவில்லை. அவர் முதன்முறையாகச் செவிகொடுத்தார் என்பதை மட்டும் காட்டி நிறுத்திக்கொள்கிறது. அந்த நேர்மை போற்றத்தக்கது.

சங்க அகப்பாடல்களில் 'அறத்தொடு நிற்றல்' என்று ஒரு துறை உண்டு. தலைவியின் காதலைத் தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையனுக்கும் உரிய வேளையில் எடுத்துரைப்பது அது. சொன்னால் வீடு செவிமடுக்கும் என்னும் நம்பிக்கையில் பிறந்த துறை. வயது வந்த இருவர் மணம் செய்துகொள்ளக் குடும்பத்தின் ஒப்புதலோ சமூகத்தின் ஒப்புதலோ தேவையில்லை என 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆனால், வீட்டின் செவியைத் திறக்க நீதிமன்றத்தால் இயலாது. 'காதல்' படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள், மணமகன் தேவை விளம்பரத்தில் 'ஆர்.சி.' என்னும் எழுத்துகளை அடுத்துச் சாதிப் பெயரை எழுதத் தயங்குவதில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

மணத்துக்குப் பின்

பெரும்பாலான படங்கள் தாலி கட்டியதும் முடிந்துவிடுகின்றன. மணிரத்னத்தின் 'அலைபாயுதே' (2000), வீட்டுக்குத் தெரியாமல் மணந்த இருவர் ஒரு கூரையின்கீழ் வாழத் தொடங்கியபின் எழும் பிணக்குகளைக் காட்டி அந்த வழக்கத்தை மாற்ற முயன்றது. அதற்கு 14 ஆண்டுகள் முன்னரே அவர் எடுத்த 'மௌன ராகம்' இன்னும் துணிவானது. தந்தையின் நெஞ்சுவலிக்கு அஞ்சி மணத்துக்கு இசைகிறாள் திவ்யா. அவளை யாரும் கேட்கவில்லை. சூழ்நிலை அவள் வாயை அடைத்தது. டெல்லிக்குப் போனபின், என்ன பரிசு வேண்டும் என்று கணவன் கேட்கிறான். மணவிலக்கு வேண்டும் என்கிறாள். சந்திரகுமார் அதிர்கிறான், ஆனால் கேட்டுக்கொள்கிறான். வழக்கறிஞரை நாடுகிறான், சட்டம் விதிக்கும் ஓராண்டைப் பொறுத்திருக்கிறான், அவளைத் தொடுவதில்லை. அவள் மனம் மாறுவது அதன்பிறகே. போக வழி திறந்திருப்பதை அறிந்தவள்தான் தங்குவதற்கு முடிவுசெய்ய முடியும். சேதுவின் ஆளரவமற்ற இடத்தையும் டெல்லியிலுள்ள இந்த வீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நாம் சொல்ல வருவது விளங்கும்.

இறுதியாக ஒரு காட்சி. கௌதம் வாசுதேவ் மேனனின் 'விண்ணைத்தாண்டி வருவாயா' (2010) படத்தில், மலையாளக் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸி, ஆலப்புழையில் ஆலயத்தில் கூடியிருந்த அனைவரும் கேட்க, இந்தத் திருமணத்தில் தனக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிடுகிறாள். அரங்கங்களில் கைதட்டல் எழுந்த காட்சி அது. நம் திருமணச் சடங்கிலும், வற்புறுத்தலின்றி முழு மனத்தோடு வந்திருக்கிறீர்களா என்று குருவானவர் மணமக்களை வினவுகிறார். மணமக்களின் ஒப்புதலே திருமணத்தை உண்டாக்குகிறது, வேறெந்த மனித ஆற்றலும் அதற்கு ஈடாகாது என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1057-ஆம் எண்ணில் கூறுகிறது.

ஆனால் அழைப்பிதழ் அச்சாகி, மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, உறவினர் ரயிலேறி வந்து சேர்ந்தபின், ஜெஸ்ஸியைப்போல் பேச எத்தனை பெண்களால் முடியும்? அந்தக் கேள்வி பீடத்தின்முன் முதன்முறையாகக் கேட்கப்படும் கேள்வியாக இருக்கக்கூடாது. மாதங்களுக்கு முன்பே, அடுக்களையிலோ திண்ணையிலோ, தாயோ தந்தையோ மகளின் அருகில் அமர்ந்து கேட்டிருக்க வேண்டும். மகனிடமும் கேட்டிருக்க வேண்டும். கேட்டுவிட்டு, தாம் எதிர்பாராத விடை வந்தாலும் எழுந்துபோகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்தமுறை பிள்ளைகளோடு ஒரு காதல் படம் பார்க்க நேர்ந்தால், படம் முடிந்தவுடன் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுக்கப் போகாமல், அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டார்களா என்று பேசிப் பாருங்கள். பிள்ளைகள் சொல்வதற்குப் பலவற்றை வைத்திருப்பார்கள்.