மௌனத்திற்கு விலை கொடுப்பவர் யார்?

திரைப்படத்திற்கு அரசு பணம் தரலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் இருவகை விடைகள் ஒலிப்பதைக் கேட்கிறோம். குடிநீருக்கும் மருத்துவமனைக்கும் மக்கள் ஏங்கி நிற்கையில் படம் எடுக்கவா பொதுப்பணம் என்பது ஒன்று. கலையின்றி மனித வாழ்வு முழுமை பெறாது, ஆகவே தரத்தான் வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மையுண்டு. ஆயினும் பொதுவாகப் பேசிக்கொண்டிருக்கும்வரை இவ்வழக்குத் தீராது. பொதுப்பணத்தின் துணையோடு பிறந்த படங்களைப் பார்த்து, அப்பணம் என்ன விளைத்தது என்று கேட்பதே தக்க வழி. அவ்வாறு இரு படங்களை இங்கே எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஐரோப்பாவில் உருவானவை; இரண்டும் நம் விசுவாச வாழ்வுக்கு நெருக்கமான பொருளைத் தொடுபவை.

ஆவணப்படம் என்றதும், திரையரங்கில் முதன்மைப் படத்திற்கு முன்னர் ஓடிய அரசுச் செய்திப்படமே நம்மில் மூத்தோருக்கு நினைவில் எழும். நாம் பேசப்போவது அதுவன்று. நடிகரும் புனைகதையுமின்றி, உண்மை மனிதரையும் உண்மை நிகழ்வுகளையும் கொண்டு, ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக விரிந்து, மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கி இருளில் ஒன்றாய் அமர்ந்து காண்பதற்கென்றே எடுக்கப்படும் முழுநீள ஆவணப்படம் இது. வணிக நோக்கில் பார்த்தால் இதைப்போல் நட்டத்துக்குரிய சரக்கு வேறில்லை. எனவேதான் பல ஐரோப்பிய நாடுகள் இதற்கெனப் பொதுநிதி வைத்துள்ளன.

பிரான்சு நாட்டின் ஏற்பாடு கருதத்தக்கது. 1946-இல் அங்கே தேசியத் திரைப்பட மையம் நிறுவப்பட்டது. திரையரங்கில் விற்கும் ஒவ்வொரு நுழைவுச்சீட்டின் விலையிலும் 10.72 விழுக்காடு வரியாகப் பிரிக்கப்பட்டு அம்மையத்தைச் சேர்கிறது. அமெரிக்கப் படத்திற்கு வாங்கிய சீட்டாயினும் இவ்வரி உண்டு. கேளிக்கைக்காக வந்தவர் கொடுத்த காசில் ஒரு சிறுபகுதி, அவர் பெயரே கேட்டிராத ஓர் இயக்குநரின் ஆவணப்படத்திற்கு உதவியாகிறது. ஐரோப்பிய மன்றத்தின் ‘யூரிமாஜ்’ நிதியும், பல நாடுகள் கூடித் தயாரிக்கும் படங்களில் திரையரங்கை நோக்கிய முழுநீள ஆவணப்படங்களைச் சேர்த்துக்கொள்கிறது.

இத்தகைய பொதுநிதியில் விளைந்ததுதான் ஜெர்மானிய இயக்குநர் பிலிப் குரோனிங்கின் ‘பெருமௌனம்’ (2005). பிரான்சின் ஆல்ப்சு மலைகளில், கிரெனோபிள் நகருக்கு அருகே, புனித புரூனோ 1084-இல் தொடங்கிய கார்த்தூசியத் துறவு மடமே இதன் களம். படமெடுக்க 1984-இல் குரோனிங் அனுமதி கேட்டார். இன்னும் காலம் கனியவில்லை என்றனர் துறவியர். ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் கழிந்தபின் இசைவு வந்தது. ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் தாமே செய்துகொண்டு, தன்னந்தனியராய் மடத்து அறை ஒன்றில் சுமார் ஆறு மாதம் வாழ்ந்து அவர் படமெடுத்தார். செயற்கை விளக்கு இல்லை, விளக்கவுரை இல்லை, பின்னணி இசையும் இல்லை. மடத்து மணியோசை, மரத்தரையில் காலடி, நள்ளிரவுத் திருப்புகழ்மாலை, பனி உருகிச் சொட்டும் ஒலி ஆகியவையே அதன் இசை. இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் நீளும் இப்படத்திற்கு ஜெர்மனியின் பொதுநிதி அமைப்புகளும் பொதுத் தொலைக்காட்சியும் துணைநின்றன.

இப்படம் நமக்குக் கற்பிப்பது என்ன? துறவு வாழ்வைப் பற்றிய செய்திகளை அது தரவில்லை. மடத்தின் வரலாற்றையும் சொல்லவில்லை. ஒருவர் துணியை அளந்து அங்கி தைக்கிறார். ஒருவர் பூனைகளுக்கு உணவிடுகிறார். ஓய்வு நாளில் துறவியர் பனிச்சரிவில் சறுக்கிக் குழந்தைகள்போல் சிரிக்கின்றனர். எரேமியா நூலின் ஒரு வசனம் திரும்பத் திரும்பத் திரையில் எழுத்தாய்த் தோன்றுகிறது. முதல் அரைமணியில் நம் மனம் தவிக்கிறது, கைக்கடிகாரத்தைப் பார்க்கிறோம். பின்னர் மெல்ல அடங்குகிறது. எலியா கேட்ட மெல்லிய ஒலியைப் பற்றி எத்தனையோ மறையுரைகளைக் கேட்டிருக்கிறோம். அவ்வொலிக்குச் செவியைப் பழக்கும் வேலையைத் திரையரங்கில் அமர்ந்தே செய்கிறோம். இறுதியில் பார்வையிழந்த முதிய துறவி ஒருவர் சாவைப் பற்றி அச்சமின்றிப் பேசும்போது, அச்சொற்களை ஏற்கத் தேவையான அமைதி நம்முள் முன்னரே உருவாகியிருக்கிறது.

குறையும் உண்டு. இளந்துறவியரின் உள்ளப் போராட்டம் படத்தில் இல்லை. மடத்தை விட்டுச் செல்ல எண்ணியவர் எவரேனும் இருந்தாரா என்று அறிய வழியில்லை. அழகு சிலவிடங்களில் உண்மையின் கூரைத் தணித்துவிடுகிறது. இருப்பினும், எந்த வணிகரும் விலை கொடுக்க முன்வராத ஒன்றை இப்படம் நமக்குத் தந்தது: காலம். காத்திருந்த ஆண்டுகளும், அவசரமின்றிப் படம்பிடித்த மாதங்களும், வெட்டிக் குறுக்கப்படாத காட்சிகளும் காலமே. பொதுநிதி வாங்கியது இதனைத்தான்.

இவ்விடத்தில் ஏழையின் கேள்வி மீண்டும் எழுகிறது. அவன் வரிப்பணத்தில் பணக்கார நாட்டார் மௌனம் வாங்கலாமா? இதனைத் தட்டிக்கழிக்கலாகாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய விதித்தொகுப்பு, அரசின் கடமையைப் பேசுமிடத்தில், பெரும் பயன் தரக்கூடியதாயினும், உதவியின்றித் தொடங்கவே இயலாத முயற்சிகளுக்கு, சிறப்பாக இளைஞர் நலனுக்கான முயற்சிகளுக்கு, அரசு துணைசெய்ய வேண்டுமென்கிறது. தகவலின் உண்மையான சுதந்திரத்தைக் காப்பதும் அரசின் கடமையென அதே பகுதி கூறுகிறது. இவ்விரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும். 1931-இல் பதினோராம் பயஸ் தம் சமூகச் சுற்றுமடலில் வகுத்த நெறியும் இதற்கு இயைந்தது: மேலமைப்பு கீழமைப்புக்குத் தோள் கொடுக்கலாம்; அதன் பணியைப் பறித்துக்கொள்ளலாகாது. பணம் தருபவர் படத்தின் பொருளைத் தீர்மானிக்கத் தொடங்கினால், ஏழையின் கேள்விக்கு விடையில்லாமல் போகிறது. ஏனெனில் அப்போது அவன் வாங்கியது அரசின் விளம்பரமே.

இவ்வச்சம் கற்பனையன்று. இத்தாலியில் 1924-இல் தோன்றிய லூச்சே நிறுவனம் முசோலினி ஆட்சியின் பரப்புரைக் கருவியாயிற்று. 1926 முதல் அதன் செய்திப்படங்களைத் திரையிடுவது அந்நாட்டுத் திரையரங்குகளுக்குக் கட்டாயமாயிற்று. நம் நாட்டிலும் 1948-இல் உருவான பிலிம்ஸ் டிவிஷனின் படங்களைத் திரையரங்குகள் கட்டாயம் காட்டவேண்டியிருந்தது. நல்ல கலைஞர்கள் அங்கிருந்தனர். விடுதலை நாளில் பிறந்து இருபது வயதை எட்டிய இளைஞர்களைப் பேசவிட்டு 1967-இல் எஸ். என். எஸ். சாஸ்திரி எடுத்த ‘ஐ ஆம் ட்வென்டி’ இன்றும் உயிரோடிருக்கிறது. ஆனால் 1975 முதல் 1977 வரை நீடித்த நெருக்கடி நிலையில் அந்நிறுவனம் ஆள்வோரின் குரலையே ஒலித்தது. அது 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது. அதன் படங்கள் ஓடுகையில் மக்கள் வெளியே நின்று தேநீர் அருந்தியதை மறக்கவியலாது. கட்டாயம் பார்வையாளரைக் கொண்டுவந்து நிறுத்தலாம், காண வைக்காது.

அதே லூச்சே நிறுவனத்தின் மறுபிறப்பை நமது இரண்டாம் படத்தில் காண்கிறோம். அகதிகள் கரையேறும் லாம்பெதூசா தீவைப் பற்றிப் பத்து நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்துத் தருமாறு அந்நிறுவனம் ஜான்பிராங்கோ ரோசியைக் கேட்டது. தீவுக்குச் சென்றவர், பத்து நிமிடத்தில் அடங்காது என்றுணர்ந்து, ஓராண்டுக்கு மேல் அங்கேயே தங்கினார். ‘கடலில் தீ’ என்ற முழுநீளப் படம் பிறந்தது. 2016-இல் பெர்லின் விழாவின் தங்கக் கரடி விருதையும் பெற்றது. கேட்டது குறும்படமாயினும், கலைஞர் கண்ட உண்மைக்கு இடம்விட்டு அந்நிறுவனம் விலகி நின்றது. பொதுப்பணம் நடந்துகொள்ளவேண்டிய முறை இதுவே.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் பொறுப்பேற்றபின் உரோமைக்கு வெளியே முதல் அதிகாரப்பூர்வப் பயணமாகச் சென்ற இடம் லாம்பெதூசா. நாள் 2013 ஜூலை 8. அதே ஆண்டு அக்டோபர் 3-இல் அத்தீவின் அருகே படகு மூழ்கி 360-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இச்செய்தியை நாம் நாளிதழில் படித்தோம். மறுநாள் வேறு செய்தி வந்தது. ரோசியின் படமோ நம்மை நகரவிடுவதில்லை. தீவுச் சிறுவன் ஒருவனுக்கு ஒரு கண் மங்கியிருக்கிறது. அது உழைத்துப் பழகவேண்டுமென்று நல்ல கண்ணை மூடிவிடுகின்றனர். உவமையென்று எவரும் விளக்கவில்லை. அதைச் சொந்தமாக உணர நமக்கு நேரம் தரப்படுகிறது. நைஜீரிய அகதி ஒருவர் பாலைவனத்தையும் சிறையையும் கடலையும் கடந்த துயரைப் புலம்பற்பாட்டாய்ப் பாடும்போது, திருப்பாடல்களின் குரலையே கேட்கிறோம்.

எனினும் படகின் அடித்தளத்தில் குவிந்து கிடக்கும் உடல்களை அது காட்டுமிடத்தில் நாம் தயங்குகிறோம். மாண்டோரிடம் அனுமதி கேட்க இயலாது. உலகின் மனச்சான்றை எழுப்ப அது தேவை என்பர் சிலர். சாவின் தனிமை எவருக்கும் காட்சிப்பொருளன்று என்பர் சிலர். கண்களை விலக்கிக்கொள்வதும் ஒருவகை மறுதலிப்பே என்று கருதுவதால், காட்டியது சரியென்றே நாம் எண்ணுகிறோம். ஆயினும் இக்காட்சியை மேலும் ஓரிரு கணம் முன்னதாகவே முடித்திருக்கலாம். பொதுப்பணத்தில் எடுக்கப்பட்ட படமென்பதால் இத்தகைய கேள்வியைக் கேட்கும் உரிமையும் கடமையும் பொதுமக்களுக்கு உண்டு. தணிக்கை அரசின் கையிலிருத்தல் வேறு. குடிமக்கள் கண்டு, விவாதித்து, தீர்ப்பளித்தல் வேறு. பின்னது நடைபெறும் இடத்தில் முன்னதற்குத் தேவை குறைகிறது.

இங்கேதான் நம் பங்கு தொடங்குகிறது. எத்தனை நாடுகள் எவ்வளவு நிதி ஒதுக்கினும், அரங்கில் ஆளில்லையெனில் படம் பெட்டியிலேயே உறங்கும். நம் நாட்டில் முழுநீள ஆவணப்படம் திரையரங்கில் வெளியாவதே அரிது. வெளியானாலும் ஓரிரு நாளில் மறைகிறது. அரசு செய்யட்டும் என்று காத்திராமல் பங்கு மன்றங்களும் பொதுநிலையினர் அமைப்புகளும் தொடங்கக்கூடியது ஒன்றுண்டு. தவக்காலத்தில் ஒரு மாலை, உரிய அனுமதி பெற்று, பங்கு மண்டபத்தில் விளக்கை அணைத்து இப்படங்களுள் ஒன்றைத் திரையிடலாம். முடிந்ததும் உடனே பேசாமல் சிறிதுநேரம் அமர்ந்திருந்து, பின்னர் உரையாடலாம். முதல் அரைமணியில் இளைஞர்கள் சலிப்படைவர். அச்சலிப்பைத் தாங்கப் பழகுவதும் செபத்திற்கான பயிற்சியே.

பொதுநிதி ஒரு படத்திற்குக் காலத்தை வாங்கித் தருகிறது. அக்காலத்தில் நம்முடையதையும் சேர்த்தால்தான் ஏழையின் காசு வீண்போகாது. அவனும் நம்மோடு அம்மண்டபத்தில் அமர்ந்திருக்கவேண்டும் என்பதையும் மறவாதிருப்போம்.