திண்ணையை மெழுகியது யார்?

'ராமன் பாம்பைக் கொன்றான்' என்பதைச் செயப்பாட்டுவினையாக மாற்றுக. 'ராமனால் பாம்பு கொல்லப்பட்டது' என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். பொருள் ஒன்றுதான் என்றால் வடிவம் எதற்கு இரண்டு என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை. அதைக் கேட்டவர்கள், வடிவத்தை அது செய்யும் வேலையைக் கொண்டு விளக்கும் செயல்பாட்டு இலக்கணத்தார். (செயப்பாட்டு, செயல்பாட்டு: அச்சுக்கோப்பவர் மன்னிக்க.)

முதலில் பிராக் பள்ளி. 1926இல் அங்கே மொழியியல் வட்டத்தைத் தொடங்கியவர்களில் முன்னவரான விலெம் மத்தேசியுஸ், ஆங்கிலத்தைத் தம் தாய்மொழியான செக்கோடு வைத்துப் பார்த்தார். பேச்சில் ஏற்கெனவே அடிபடும் பொருள் வாக்கியத்தின் தலையில் நிற்க விரும்பும். ஆங்கிலத்தில் அந்த இடம் பெரும்பாலும் எழுவாய்க்கு உரியது. ஆகவே பாம்பை முன்னே கொண்டுவர அதை எழுவாயாக்க வேண்டும், வினையையும் மாற்ற வேண்டும். செக் மொழிக்கு வேற்றுமை உருபு உண்டு. சொல்லை இடம் மாற்றினாலே போதும். நமக்கும் அப்படித்தான். 'பாம்பை ராமன் கொன்றான்' என்றால் பாதி வேலை முடிந்தது. 'ஐ' ஒட்டியிருக்கும்வரை எங்கே நின்றாலும் செத்தது பாம்புதான்.

ஆம்ஸ்டர்டாமில் சைமன் டிக் 1978இல் வெளியிட்ட நூல் வேறு வழியில் போனது. செய்வினையிலிருந்து செயப்பாட்டுவினை பிறப்பதில்லை. நிகழ்ச்சி ஒன்று, அதை யார் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதே வேறுபாடு என்றார். யார் யார் எழுவாயாகலாம் என்பதற்கு ஒரு படிவரிசையும் வைத்தார். செய்பவர் முதல் படி, செயப்படுபொருள் அடுத்தது, பெறுபவர் அதற்கும் கீழே. ஆங்கிலத்தில் பெறுபவரும் எழுவாயாகலாம். தமிழ் இரண்டாம் படியோடு நின்றுகொள்கிறது: 'அவனுக்குப் புத்தகம் கொடுக்கப்பட்டது' என்போம், 'அவன் புத்தகம் கொடுக்கப்பட்டான்' என்று யாரும் சொல்லமாட்டோம்.

இன்னொரு செயல்பாட்டு இலக்கணத்தாரான ஹாலிடேயின் 1985ஆம் ஆண்டு நூலில் எனக்குப் பிடித்தது, செயல் தானாக நிகழ்ந்ததாகச் சொல்கிறோமா, வெளியிலிருந்து ஒருவர் நிகழ்த்தியதாகவா என்ற கேள்வி. தமிழர் இதற்கு அகராதியைப் புரட்ட வேண்டாம். கண்ணாடி 'உடைந்தது', கண்ணாடி 'உடைக்கப்பட்டது'. இரண்டிலும் ஆள் இல்லை, ஆனால் 'யாரால்?' என்று இரண்டாவதைத்தான் கேட்க முடியும். தமிழ் மொழியியலாளர் கு. பரமசிவம் இயங்குவினை, இயக்குவினை என்று பகுத்தது இந்த உடைதல், உடைத்தல் இணைகளைத்தான். குவர்க் குழுவினர் ஆங்கிலத்துக்கு எழுதிய பேரிலக்கணமும் 1985இல் வந்ததே. ஆங்கிலச் செயப்பாட்டு வாக்கியங்களில் ஐந்துக்கு நான்கில் செய்தவர் பெயரே வராது என்கிறது அது. அப்படியானால் பள்ளிக்கூடத்து 'ராமனால்' அருங்காட்சியகத்து உருப்படி.

இனி நம் வீடு. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்குத்தான் என்கிறது தொல்காப்பியம். 'திண்ணை மெழுகிற்று' என்று உரைகாரர்கள் எடுத்துக்காட்டினார்கள். திண்ணை தன்னை மெழுகிக்கொள்ளாது என்பது அவர்களுக்குத் தெரியாததா? வழக்கே அளவுகோல் என்பதால் ஏற்றார்கள். பாணினியின் சமஸ்கிருத இலக்கண மரபில் வினைவிகுதி செய்பவனையோ செயப்படுபொருளையோ சுட்டும்படி மாறும். இங்கே விகுதிகூட மாற வேண்டியிருக்கவில்லை. அந்தத் திண்ணையின் பேத்திகள் இன்றும் இருக்கிறார்கள்: 'துணி துவைச்சாச்சு', 'சமைச்ச சோறு'. சமைக்கப்பட்ட சோற்றை எந்த வீட்டிலும் பரிமாறுவதில்லை.

இதைக் காட்டி, 'படு' ஆங்கிலம் வழியே வந்தது, விலக்குவோம் என்று சிலர் கொடிபிடிப்பதுண்டு. 'செயப்படுபொருள்' என்ற சொல்லிலேயே அந்தப் 'படு' உட்கார்ந்திருக்கிறது, அதுவும் தொல்காப்பியத்தில். வேறுபாடு, எத்தனை முறை, எதற்காக என்பதில்தான். 'தேர் 10 மணிக்கு பக்தர்களால் இழுக்கப்பட்டது' என்ற செய்தி வரியில் இழுத்தவர்களை மறைக்கவும் இல்லை, தேரை முன்னிறுத்த வேறு வழி இல்லாமலும் இல்லை. வெறும் மொழிபெயர்ப்புப் பழக்கம். 'கட்டணம் உயர்த்தப்பட்டுள்ளது' என்பதோ தன் வேலையைக் கச்சிதமாகச் செய்கிறது. இலக்கணத்தில் குற்றமில்லை, உயர்த்தியவர்தான் காணோம்.

தெருவில் குழாய் வறண்டால் 'தண்ணியை நிறுத்திட்டாங்க' என்கிறோம். யார் என்று நாமும் சொல்வதில்லை. மறுநாள் அறிவிப்புப் பலகையில் 'குடிநீர் வழங்கல் நிறுத்தப்பட்டுள்ளது' என்று வருகிறது. நம் வாக்கியத்தில் 'ஆங்க' என்ற விகுதியிலாவது யாரோ நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.