அமுதசுரபியும் ஆண்டிறுதி வள்ளல்களும்

ஈகையைப் பாடாத புலவர் இல்லை. ஈவோன் மனத்தை ஊடுருவிப் பார்த்த புலவர் சிலரே. மணிமேகலை தந்த சீத்தலைச் சாத்தனார் அச்சிலருள் ஒருவர். அக்காப்பியத்தின் ஆபுத்திரன் கதையைப் பலர் விரைந்து கடந்துவிடுவர். நாம் அங்கே சற்று நிற்க விரும்புகிறோம். கிறிஸ்துமஸ் தொடங்கிப் பொங்கல் வரை சென்னை மாநகரில் அன்னதான அறிவிப்புகள் ஆண்டுதோறும் பெருகுகின்றனவே, அவற்றின் பொருளை உணர அக்கதை உதவும்.

வேள்வியில் பலியிடக் கட்டிவைத்த பசுவை அவிழ்த்துவிட்டான் ஆபுத்திரன். அக்குற்றத்துக்காக வேதியர் அவனை ஊரைவிட்டே துரத்தினர். மதுரை வந்தான், இரந்து பெற்றதைக் குருடர்க்கும் முடவர்க்கும் ஊட்டி, எஞ்சியதை உண்டான். அவன் அருள் கண்டு சிந்தாதேவி, அள்ளக் குறையாத அமுதசுரபியை அளித்தாள். வரம் தர வந்த இந்திரனையே எள்ளி நகைத்தான் அவன். சினம் கொண்ட இந்திரன் என்ன செய்தான்? இடியை ஏவினானா? இல்லை, மழையைப் பொழிவித்தான்! பாண்டி நாடு செழித்தது, பசி ஒழிந்தது. உண்ண வருவார் ஒருவரும் இன்றி, கலத்தை ஏந்தியபடி ஆபுத்திரன் ஏங்கித் திரிந்தான். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டான். கலத்தைப் பொய்கையில் விட்டு, உண்ணாது உயிர் நீத்தான்.

புலவர் இதனை இந்திரன் செய்த வஞ்சமாகக் காட்டுகிறார். வஞ்சமா இது? நாட்டில் பசியில்லை என்றால் பசியாற்றுவோன் மகிழ்ந்து கூத்தாட வேண்டாமா? கலத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மக்களோடு மக்களாக ஏர் பிடிக்கச் சென்றிருக்கலாகாதா? காப்பியம் இக்கேள்வியை எழுப்பவில்லை. ஆபுத்திரன் நல்லவன், அதில் ஐயமில்லை. ஆயினும் நல்லவரையும் பற்றும் நோய் ஒன்றைப் புலவர் அறிந்தோ அறியாமலோ நமக்குக் காட்டிவிடுகிறார். கொடுப்போனுக்கு வாங்குவோன் தேவைப்படுகிறான் என்பதே அந்நோய்!

அந்நோயின் இன்றைய முகத்தைக் காணப் பெரும்பாக்கம் செல்வோம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அருகே எட்டுத் தளக் கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். கட்டியது குடிசை மாற்று வாரியம். 1970இல் தோன்றி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் பெற்ற அமைப்பு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கூவம், அடையாறு கரைவாழ் மக்களுக்குச் சோற்றுப் பொட்டலம் சுமந்து ஓடியது சென்னை. இளைஞர் ஈட்டிய பெருமை அது, மறுப்பார் இல்லை. ஆனால் அதே கரையோரக் குடும்பங்கள் பல, பின்னர் பிழைப்பையும் பள்ளியையும் விட்டுப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. 2019 டிசம்பர் இறுதியில், கல்வியாண்டின் நடுவில், சத்தியவாணி முத்து நகர்க் குடிசைகள் இடிக்கப்பட்டன. பொட்டலம் தந்த கைகளுள் எத்தனை, இடிப்பைத் தடுக்க உயர்ந்தன?

அங்கு வாழ்வோர்க்கென ஒரு நாட்காட்டி உண்டு. வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் நகரின் நடுவே செல்வோர் நாள்தோறும் பயண நேரத்தை இழக்கிறார்கள். மின்தூக்கி நின்றால் முதியோர் மாடியிலேயே சிறைப்படுகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அவ்வட்டாரமே நீரில் நின்றது. ஆசிரியர் தொழிலில் இருக்கும் நாம் ஒன்று சொல்வோம்: பிள்ளை படிப்பை நிறுத்துவது பண்டிகை நாளில் அன்று, பெயரும் சான்றிதழும் புதுப் பள்ளிக்கு மாறாத மாதங்களில்தான். வள்ளலின் நாட்காட்டியிலோ அந்த மாதங்கள் வெற்றுத்தாள்! பிறந்தநாளன்று பிரியாணி, பொங்கலன்று போர்வை, இடையில் ஒரு புகைப்படம். வாங்கும் சிறுவன் அதில் சிரித்தே தீரவேண்டும்.

ஆகவே ஈகையே வேண்டாம் என்போமா? ஒருநாளும் அன்று. மணிமேகலையே நமக்கு விடை தருகிறாள். அவள் சிறைக்கோட்டத்துள் சென்று பசித்தோர்க்கு ஊட்டினாள். அதைக் கேட்டு வியந்த சோழ மன்னன், வேண்டுவது யாது என்றான். சிறையை அறக்கோட்டமாக மாற்றித் தருக என்றாள்! ஆபுத்திரன் காணாத வழியை அவன் கலம் ஏந்திய பெண் கண்டாள்.

அவ்வழி நடந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஒதுக்கப்பட்ட பெண் பிள்ளைகளுக்கு 1930இல் தம் வீட்டையே திறந்துவிட்டார். அடையாற்றின் அவ்வை இல்லம் அப்படிப் பிறந்தது. இல்லத்தோடு நின்றாரா? பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் சட்டத்துக்கும் போராடினார். 1947இல் அது நிறைவேறியது. நண்பகல் உணவும் அவ்வாறே வளர்ந்தது. 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயர் காலத்தில் தொடங்கி, 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர். வழியே விரிந்து, 2022இல் காலை உணவாகவும் நீண்டது. இன்று பள்ளிப் பிள்ளை எந்த வள்ளலையும் வணங்காமல் உண்கிறான். அவனுக்கு அது உரிமை.

தோழர்களே! கொடுங்கள், உங்கள் தெருவுக்கு அருகிலுள்ள இல்லத்துக்கும் மாலைப் பள்ளிக்கும் கொடுங்கள். தொகை சிறிதாயினும் மாதந்தோறும் கொடுங்கள். எது வேண்டும் என்று வாங்குவோரைக் கேளுங்கள். கணக்கை நடத்துவோரிடம் கேளுங்கள். புகைப்படக் கருவியை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். மின்தூக்கிக்கும் பள்ளிக்கும் வேலைக்கும் அம்மக்கள் மனு எழுதும்போது, உங்கள் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். கலம் நிறைந்திருப்பது நன்று. கலத்துக்கு வேலையில்லாமற் போகும் நாளுக்காக உழைப்பது அதனினும் நன்று. அந்நாள் வரும்போது ஆபுத்திரனைப் போல் அழமாட்டோம், ஆடிப் பாடுவோம்!